நான் கழற்றிய ஒயில் லைற்

மீற்றர் லைற் பிழை என்று யாராவது பழைய வான் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் எனக்கு இன்றைக்கும் விசர் பிடிக்கும். தொழிலை விட்டு இரண்டு வருடமாகிறது, என்றாலும் அந்தக் கோபம் போகவில்லை. வாகன வயறிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்து, "அண்ணை, உங்கடை அனுபவத்தை எங்களுக்குச் சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். நான் கெட்டித்தனம் காட்டிய கதைகள் கனக்க இருக்கின்றன. அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே எனக்கு வெட்கம் தருகிற கதையை எழுதுகிறேன்.

புது வாகனமென்றால் ஒரு கருவியைச் செருகினால் போதும், இன்ன இடத்தில் பிழை என்று அதுவே எழுதிக் காட்டும். முப்பது வருடம் ஓடிய வானில் செருகுவதற்கு ஓட்டையும் இல்லை. அதன் டாஷ்போட்டுக்குப் பின்னால் கைவிட்டவர்கள் எத்தனை பேரோ. ஒருவர் சிவப்பு வயரோடு பச்சையை முடிந்திருப்பார். இன்னொருவர் சாமிப்படத்துக்கு மினுங்கு லைற் போடுகிறேன் என்று மீற்றர் லைற்றின் வயரிலேயே கொழுவியிருப்பார். மூன்றாமவர் பாட்டுப் பெட்டி பூட்டியபின் மிஞ்சியதையெல்லாம் சுருட்டி உள்ளே தள்ளியிருப்பார். எட்டு ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கும். மற்ற ஐந்தும் எங்கே என்று கேட்டால் எல்லாருக்கும் ஞாபகமறதி. இந்தக் குப்பைக்குள் தலையை விட்டுக் கழுத்து நோக நோகப் பார்த்தவன் நான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்வராசா புத்தூர்க்காரன், அப்போது நாற்பது வயது இருக்கும். அவனிடம் ஒரு பழைய வெள்ளை வான் இருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலையில் நான்கு நோயாளிகளை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவான். நால்வரும் சிறுநீரகம் பழுதாகி, மெசினில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு உயிரோடு இருப்பவர்கள். ஒரு முறை தவறினால் உடம்பில் தண்ணீர் நின்று முகம் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டு முறை தவறினால் சொல்லத் தேவையில்லை. பஸ்ஸில் போய் வர அவர்களால் ஏலாது. அந்த வான்தான் அவர்களுக்குக் கால்.

மற்ற நாட்களில் வாடகைக்கு ஹயர் ஓடுவான். செத்தவீடு, அந்தியேட்டி என்றால் அந்தப் பக்கத்தில் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். பாடை போகும் வாகனத்துக்குப் பின்னால் சனத்தை ஏற்றிக்கொண்டு சுடலைக்குப் போவான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போவான். இதையும் நான் அறிவேன். அறிந்தும் யோசிக்கவில்லை.

மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட இருந்த என் கடைக்கு அவன் முதல் முறை வந்தபோது சொன்னது இதுதான். "அண்ணை, மீற்றர் லைற் நினைச்சாப் பத்துது, நினைச்சா நூருது. அதைவிட ஒயில் லைற் ஓடேக்கை சும்மா சும்மா மினுங்குது. முன்சீற்றிலை வாற நோயாளி ரீச்சர் பயப்பிடுறா."

ஒயில் லைற் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். சாவியைத் திருப்பினால் சிவப்பாகப் பத்த வேண்டும், என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்து நூர வேண்டும். ஓடும்போது பத்தினால் ஒயில் அமுக்கம் இல்லை என்று அர்த்தம், உடனே நிற்பாட்ட வேண்டும். நான் ஒயில் மட்டத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மீற்றர் பெட்டியைக் கழற்றினேன், பின்பக்கம் ஏதோ மஞ்சள் கறை காய்ந்து கிடந்தது. எவனோ ஒட்டிய பழைய பசை என்று எண்ணினேன். எர்த் வயர் தளர்ந்திருந்ததால் அதை இறுக்கிப் பூட்டினேன். எல்லா லைற்றும் ஒழுங்காகப் பத்தின. அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் திரும்பி வந்தான். அதே பிழை. இந்த முறை என்ஜினில் இருக்கும் ஒயில் சுவிற்சை மாற்றினேன். பல்ப் நிற்கும் குழிகளையும் மாற்றினேன். எல்லாம் சரி. மூன்றாம் முறை வந்தபோது கடையில் நான்கு வாகனம் நின்றது, கரண்ட் போய்விட்டது, ஒரு லொறிக்காரர் தலைக்குமேல் நின்று எப்போது முடியும் எப்போது முடியும் என்று அரித்துக்கொண்டிருந்தார். செல்வராசா அத்தனை பேருக்கும் முன்னால் வாயைத் திறந்தான்.

"அண்ணை, உங்களாலை ஏலாட்டிச் சொல்லுங்கோ. கோண்டாவில்லை ஒராள் நல்லாச் செய்யிறாராம்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நோயாளிகளை ஏற்றுகிறவன், பயத்தில் சொன்னான். எனக்கோ உச்சியில் ஏறிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக இந்தச் சந்தியில் இருக்கிறேன், எனக்கு இவன் கோண்டாவிலைக் காட்டுகிறான். மீற்றர் பெட்டியைக் கழற்றினேன். அந்தச் சின்ன ஒயில் லைற் பல்பைத் திருகி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். பெட்டியைத் திரும்பப் பொருத்திப் பூட்டினேன்.

"இனிப் பத்தாது, போ," என்றேன்.

"நீங்கள் கெட்டிக்காரன் அண்ணை, விண்ணன்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனான்.

நான் பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாது என்றேன், பத்தவும் இல்லை. நேரம் கிடைக்கும்போது கூப்பிட்டு ஆறுதலாகப் பார்ப்போம் என்றும் நினைத்தேன். அந்த நேரம் எங்கிருந்து வரும்? லைற் பத்தினால்தானே வான் வரும். பத்துகிற லைற்றை நான் பைக்குள் வைத்திருந்தேன். இதை வாசித்துவிட்டு, நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம் என்று தலையாட்டுவீர்கள். கடையில் நான்கு வாகனம் நின்று, ஒருவன் உங்கள் மானத்தில் கை வைக்கும்போது பாருங்கள், உங்கள் கையும் அந்தப் பல்புக்குத்தான் போகும்.

பதினைந்து நாள், இரண்டு கிழமை கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. செல்வராசா.

"அண்ணை, உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்ட வண்டி நிண்டிட்டுது. டக்குடக்கெண்டு சத்தம் கேட்டுது, பிறகு இழுவை இல்லை."

"ஒயில் பார்த்தனியோ?"

"நேற்றுத்தான் மாத்தினது. லைற்றும் பத்தேல்லை. ஒயிலெண்டா லைற் பத்தியிருக்குமே. டீசலுக்கை காத்து இறங்கியிட்டுது போலை. பம்ப் பண்ணிப்போட்டு ஸ்ராட் பண்ணப் போறன்."

"ஸ்ராட் பண்ணாதை, நான் வாறன்," என்றேன்.

"ஏனண்ணை?"

"வந்து சொல்லுறன்."

தம்பிமாரே, நான் இந்தக் கதையை எழுதுவது பல்பைக் கழற்றியதற்காக மட்டுமல்ல. இந்த "வந்து சொல்லுறன்" என்பதற்காகத்தான். அந்த இடத்தில், "பல்ப் இல்லை, அதை நம்பாதை" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்கும்? ஒரு மூச்சு. ஒருவேளை உண்மையாகவே டீசல் பிழையாக இருக்கலாம், அப்படியென்றால் என் வண்டவாளத்தை நானே ஏன் அவிழ்க்க வேண்டும் என்று என் புத்தி கணக்குப் பார்த்தது. மோட்டார் சைக்கிளில் போகும் வழியெல்லாம் டீசல் பிழையாக இருக்க வேண்டும் என்று மருதனார்மடத்து ஆஞ்சநேயரைக் கும்பிட்டுக்கொண்டு போனேன். கடவுளிடம் கேட்கிற விஷயமா அது.

போய்ச் சேர்ந்தபோது வான் சந்திக்குச் சற்று முன்னால் றோட்டோரமாகச் சரிந்து நின்றது. செல்வராசா வியர்த்துக் கொட்டக் கீழே நின்றான். பின்சீற்றில் தோட்டக்காரர் ஒருவர், முப்பத்தைந்து முப்பத்தாறு வயது, முகம் வீங்கி அதைத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். காய்ச்சலால் அவர் செவ்வாய்க்கிழமை முறையைத் தவறவிட்டவர். அவருடைய மனைவி அவரின் முதுகைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தாள். வயதான நோயாளிகள் இருவரும் அவர்களுக்குத் துணையாக வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்ராட் பண்ணினனியோ?"

"என்னண்ணை செய்யிறது. இவருக்கு மூச்சு இழுக்குது, அவ அழுறா. ஏனெண்டும் நீங்கள் சொல்லேல்லை. ஸ்ராட் பண்ணினன், ஒரு நூறு யார் ஓடிச்சுது. பிறகு படாரெண்டு இறுகிப்போச்சு."

ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. குனிந்து பார்த்தால், என்ஜினுக்கு அடியில் ஒயில் வடியாமல் மூடியிருக்கும் சம்ப் நட்டு இல்லை. முதல் நாள் ஒயில் மாற்றியவர்கள் சரியாக இறுக்கவில்லை. வந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன், தார் றோட்டில் கறுப்புக் கோடு ஒன்று புத்தூர்ப் பக்கம் நீண்டு கிடந்தது. என்ஜின் முடிந்துவிட்டது. முதல் தரம் நின்றபோதே விட்டிருந்தால் ஓரளவுக்குத் தப்பியிருக்கும்.

"லைற் பத்தேல்லையே அண்ணை," என்றான் செல்வராசா. "நான் பார்த்துக்கொண்டுதானே வந்தனான். பத்தேல்லையே."

"பத்தாது. பல்ப் இல்லை. நான்தான் கழட்டினனான்."

அவன் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அப்ப போனிலை ஏன் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டான். நான் ஒயில் கம்பியைத் திருப்பிச் செருகினேன்.

முன்சீற்றில் இருந்த ரீச்சர் கதவைத் திறந்து இறங்கினார். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, ஆள் மெலிவு. "உந்தக் கதையைப் பிறகு கதைக்கலாம். முதலிலை இவரை ஏத்துங்கோ," என்றார்.

நான் றோட்டின் நடுவில் போய் நின்றேன். பள்ளிக்கூடமும் சந்தையும் கூடுகிற நேரம். முதலில் வந்த ஓட்டோ முழுக்கப் பிள்ளைகள். அடுத்ததில் கத்தரிக்காயும் வாழைக்குலையும் கூரை முட்ட இருந்தன. அந்த ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்தார், தோட்டக்காரரின் முகத்தைக் கண்டார், ஒரு கேள்வி கேட்கவில்லை. மரக்கறி எல்லாவற்றையும் றோட்டோரத்தில் இறக்கி, "பார்த்துக்கொள்ளு தம்பி" என்று செல்வராசாவிடம் சொல்லிவிட்டு, தோட்டக்காரரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு பறந்தார். சந்தியிலிருந்து இன்னொரு ஓட்டோ வந்தது. அதில் வயதானவர்கள் இருவரும், துணைக்கு வந்தவர்களும் ஏறினார்கள். ரீச்சருக்கு இடமில்லை.

"அவையை நெரிக்காதேங்கோ," என்றார் ரீச்சர். "நான் உவரோடை போறன்."

உவர் என்றது என்னை. என் ஹெல்மெற்றை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, சேலையை ஒதுக்கிப் பின்னால் ஏறி இருந்தார். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் மெதுவாக ஓடினேன். கோண்டாவில் வந்தபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"சாவி திருப்பேக்கை பத்திற சிவப்பு லைற் இப்ப பத்தேல்லை எண்டு செல்வராசாவுக்கு நான் சொன்னனான். அண்ணை திருத்தினவர், நீங்கள் பேசாமல் இருங்கோ ரீச்சர் எண்டான்."

நான் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டேன்.

"அது முதலிலை ஏன் சும்மா பத்தினது எண்டாவது கண்டுபிடிச்சனீரோ?"

"இல்லை ரீச்சர்."

"செத்தவீட்டு ஹயர் போன அடுத்த நாளிலைதான் பத்தும். அவன்ரை மனிசி துடக்கு, தீட்டுக் கழிக்கிறதெண்டு மஞ்சளும் உப்பும் கரைச்ச தண்ணியை வானுக்கை தெளிக்கிறவ. சும்மா தெளிப்பில்லை, செம்பைக் கவிட்டு விசிறுறவ. விடியக்காலமை ஏறேக்கை மீற்றர்க் கண்ணாடியிலை தண்ணி வடிஞ்சு நிக்கும். நான் சேலைத் தலைப்பாலை துடைச்சிருக்கிறன்."

"நீங்கள் ஏன் ரீச்சர் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ஆர் என்னைக் கேட்டது?"

மூன்று முறை அந்த வானைத் திறந்தேன். கிழமைக்கு மூன்று நாள் அந்த லைற்றுக்கு நேர் முன்னால் இருப்பவர் யார் என்று தெரியும். ரீச்சர் பயப்படுகிறார் என்று செல்வராசா வாயாலேயே சொன்னான். பயந்த ஒரு நோயாளிப் பெண்ணிடம் வயறிங் பற்றி என்ன கேட்பது என்று விட்டுவிட்டேன். இவ்வளவு பெரிய மடையனாக இருந்திருக்கிறேனே என்று மோட்டார் சைக்கிளிலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு கையும் ஹாண்டிலில் இருந்ததால் தப்பித்தேன்.

தோட்டக்காரரை எங்களுக்கு முன்னதாகவே மெசினில் போட்டுவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் மத்தியானம் வரை இருந்தேன். அவருடைய மனைவி வெளியே வரும்போதெல்லாம் எழும்பினேன், அவள் என்னைப் பார்க்காமல் போனாள். பன்னிரண்டு மணிக்கு மேல், அவர் தேத்தண்ணி கேட்கிறார், கொடுக்கலாமா என்று அவள் நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. வெளியே போய் மதிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

இழுத்துக்கொண்டு போன வானை அன்று பின்னேரமே செல்வராசாவின் வீட்டு வளவில் வைத்துத் திறந்தேன். மீற்றர் பெட்டியின் முதுகில் மெல்லிய செம்புக் கோடுகள் ஓடும், அவைதான் அதற்கு வயர். அந்தக் கோடுகளில் பச்சைக் களிம்பு பிடித்து, நான் பழைய பசை என்று நினைத்த மஞ்சள் அதன்மேல் படர்ந்திருந்தது. உப்புத்தண்ணீர் ஈரமாக இருக்கும்போது ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்குக் கரண்ட் கசியும், லைற் பத்தும். என் கடைக்கு வந்து சேரும்போது காய்ந்திருக்கும். அதனால் நான் எதைத் தொட்டாலும் திருத்தியதாகவே தெரிந்தது.

செல்வராசாவின் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தை இறக்கிவைக்க ஒருவர் கிடைத்தார் என்று, "தங்கச்சி, ஆர் உங்களை உதுக்கை தண்ணி ஊத்தச் சொன்னது?" என்று கேட்டேன்.

"சுடலைக்குப் போய் வந்த சீற்றிலை அடுத்த நாள் அந்த நாலு பேரும் இருக்க வேணுமே அண்ணை," என்றாள். "அவை இருக்கிற நிலைக்கு, செத்தவீட்டுத் துடக்கோடை எப்பிடி அவையை ஏத்தி அனுப்புறது?"

அவர்களுடைய உயிரைக் காப்பதென்று அவள் ஒன்று செய்தாள். அவர்களுடைய உயிருக்குக் காவலாக இருந்த ஒரு பல்பை நான் பைக்குள் போட்டேன். இதில் நான் அவளை ஏசுவதா? தெளிப்பதை நிற்பாட்டச் சொல்லவில்லை. தெளிக்கும்போது மீற்றரின் மேல் போட ஒரு தடித்த பொலித்தீன் விரிப்பைக் கொடுத்தேன். "சீற்றுக்குத் தாராளமாத் தெளியுங்கோ," என்றேன்.

வேறு என்ஜின் தேடிப் பூட்ட மூன்று கிழமை போனது. அந்த மூன்று கிழமையும் தெரிந்த ஒருவரின் வானைக் கேட்டு வாங்கி, நானே அவர்களை ஏற்றி இறக்கினேன். மெசின்முறை ஒன்றும் தவறவில்லை. செம்புக் கோடுகளைச் சுத்தம் செய்து, அறுந்த இடங்களுக்கு வயர் பற்றவைத்து, புதுப் பல்ப் போட்டேன். செல்வராசா கூட நின்று சாமான் எடுத்துக் கொடுத்தான். தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை.

வான் திரும்பவும் ஓடத் தொடங்கிய செவ்வாய்க்கிழமை விடிய நான் புத்தூருக்குப் போனேன். நால்வரும் ஏறிவிட்டார்கள். தோட்டக்காரரும் பின்சீற்றில் இருந்தார். செல்வராசா சாவியைத் திருப்பினான், ஒயில் லைற் நல்ல சிவப்பாகப் பத்தியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ரீச்சர் அதைப் பார்த்தார். பிறகு யன்னலால் என்னைப் பார்த்தார்.

"தம்பி, உது தன்பாட்டிலை பத்துதோ, இல்லாட்டி எங்களுக்குக் காட்டுறதுக்கு நீர் பத்தவைச்சு விட்டிருக்கிறீரோ?"

எனக்குச் சுரீரென்று வந்தது, மறைக்கவில்லை. மூன்று கிழமை நாயாய் உழைத்தவனைப் பார்த்து இப்படியா கேட்பது என்றுதான் முதலில் தோன்றியது.

"தன்பாட்டிலைதான் ரீச்சர்."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

அந்த வானில் என்ஜின் முன்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. "கொஞ்சம் இறங்குங்கோ," என்றேன். இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீற்றைத் தூக்கி, ஒயில் சுவிற்சிலிருந்து வயரைக் கழற்றினேன். லைற் நூர்ந்தது. கொழுவினேன், பத்தியது. செல்வராசா ஸ்ராட் பண்ணினான், அமுக்கம் வந்ததும் நூர்ந்தது. பிறகு நிற்பாட்டிச் சாவியைத் திருப்பினான், மறுபடி பத்தியது. நான் சீற்றை இறக்கப் போனேன்.

"இன்னொருக்காக் காட்டும்," என்றார் ரீச்சர்.

பின்சீற்றிலிருந்து தோட்டக்காரரும் எட்டிப் பார்த்தார். நான் செய்த வேலையை இரண்டாம் தரம் செய்துகாட்டு என்று அதுவரையில் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் எல்லாருக்கும் தெரியும்படி சற்று விலகி நின்று, வயரைத் திரும்பவும் கழற்றினேன்.